மூளை ஆய்வுக்கூடத்தில் வேலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

உயிரியல் மாணவி: பிஎச்டி இல்லாமல் லேபில் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். மூளையை மெல்லிய துண்டுகளாகச் சீவுவது, ஆன்டிபாடி போட்டு நிறமேற்றுவது, எலிகளின் மரபணு வகையைச் சோதிப்பது எல்லாம் பெரும்பாலும் டெக்னீஷியன்கள் கையில்தான் இருக்கிறது. லேப் மேனேஜர் சரியில்லை என்றால் மொத்தக் கூடமும் தடுமாறும். ஆனால் எதை ஆராய்வது என்று நீங்களே முடிவு செய்ய ஆசை இருந்தால் பிஎச்டி வேண்டும். முதலில் ஓரிரு வருடம் உதவியாளராக இருந்து பாருங்கள். அன்றாட வேலை பிடிக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

மென்பொருள் பொறியாளர்: என் உயிரியல் பள்ளியோடு முடிந்தது. எனக்கு இடம் உண்டா?

தாராளமாக. நியூரோபிக்சல்ஸ் என்ற ஊசிமுனை மின்வாய் ஒரே நேரத்தில் 384 தடங்களில், தடத்துக்கு விநாடிக்கு 30,000 முறை மின்னழுத்தத்தைப் பதிகிறது. அந்த வெள்ளத்தில் எந்தத் துடிப்பு எந்த நரம்பணுவுடையது என்று பிரிக்க நிரல் எழுதத் தெரிந்தவர் வேண்டும். 2024-இல் வெளியான பழ ஈ மூளையின் முழு இணைப்பு வரைபடத்தில் சுமார் 1.4 லட்சம் நரம்பணுக்கள். நுண்ணோக்கிப் படங்களில் கணினி முதலில் நரம்பணுக்களைப் பிரித்துக் கொடுத்ததை மனிதர்கள் திருத்தித்தான் அது உருவானது. ஓப்பன்நியூரோ, டான்டி போன்ற இணையதளங்களில் மூளை ஆய்வுத் தரவு இலவசம். ஒன்றை எடுத்துப் பைத்தானில் அலசி, அந்த வேலையைக் காட்டி லேபுக்கு எழுதுங்கள். சான்றிதழ்களைவிட அது அதிகம் பேசும்.

இன்னொருவர்: விலங்குகளைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நியாயமான தயக்கம், மறைக்க வேண்டியதில்லை. எம்ஆர்ஐ, தலைமேல் மின்வாய் வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி, கணினி மாதிரிகள், ஸ்டெம் செல்லில் வளர்க்கும் ஆர்கனாய்டுகள் (குட்டி மூளைத் திசுக்கள்) என்று வேறு வழிகள் இருக்கின்றன. நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகு சொன்னால் இரு பக்கமும் சங்கடம்.

முதுகலை மாணவர்: பேட்ச் கிளாம்ப் கற்க எவ்வளவு காலம் ஆகும்?

மாதக்கணக்கில். ஒரு செல்லின் சவ்வு வழியே பாயும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்க, நெஹரும் சக்மனும் 1976-இல் கொண்டுவந்து 1991-இல் நோபல் பெற்ற முறை இது. சுமார் ஒரு மைக்ரான் வாயுள்ள கண்ணாடிக் குழாயை, மூளைத் துண்டில் உள்ள உயிருள்ள செல்லின் மேல் வைத்து, மெல்ல உறிஞ்சி, சவ்வோடு இறுக ஒட்டவைக்க வேண்டும். முனையில் துளி அழுக்கு இருந்தாலும் ஒட்டாது. அந்தத் துண்டு சில மணி நேரம்தான் நல்ல நிலையில் இருக்கும் என்பதால் காலையில் தொடங்கினால் பாதியில் எழுந்து போக முடியாது. கைநடுக்கத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம், நுண்ணிய அசைவை மைக்ரோமேனிபுலேட்டர் என்ற கருவி பார்த்துக்கொள்ளும். பொறுமை மட்டும் உங்களுடையது.

பிஎச்டி தேடுபவர்: நல்ல லேபை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். பெரிய இதழ்களில் எத்தனை கட்டுரை என்பதை மட்டும் பார்க்காதீர்கள். அங்கிருந்து வெளியேறிய மாணவர்களிடம், முடிந்தால் பாதியில் விட்டவர்களிடமும், தனியாகப் பேசுங்கள். பிஎச்டி முடிக்க எத்தனை வருடம் ஆனது? கட்டுரையில் பெயர் வரிசையை யார் முடிவு செய்கிறார்? எதிர்பார்த்த முடிவு வராதபோது பேராசிரியர் என்ன சொன்னார்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். பேராசிரியர் பதவிகள் பிஎச்டி முடிப்பவர்களைவிட மிகக் குறைவு. அதனால் முன்னாள் மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். மருந்து நிறுவனம், மருத்துவக் கருவி, தரவு அறிவியல் என்று போனவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசும் பேராசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.