நசாயாவை எங்கே நிறுத்துவது?

அன்புள்ள அண்ணா,

ஆஸ்திரேலியக் கால்பந்து லீகில் (ஏ.எஃப்.எல்) ஆடும் செயின்ட் கில்டா அணியின் நசாயா வாங்கனீன்-மிலேராவை நடுக்களத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். எல்லாம் சரி, ‘இனி இவனை ஹாஃப் பேக்கில் நிறுத்துவது வீண்’ என்று அவருடைய பின்களத்து இடத்தைச் சொன்ன ஒரு வரி மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது.

நான் அடிலெய்டில் இருப்பவன். இங்குள்ள கிளெனெல்க் அணிக்கு அவர் ஆடிய நாளிலேயே பார்த்தவன். பின்னாலிருந்து பந்தை வாங்கி, தலையைத் தூக்கி, நாற்பது மீட்டர் தள்ளி ஓடுகிறவனின் மார்பில் கொண்டுபோய் வைப்பார். அந்த உதையை நடுக்களத்து நெரிசலில் போட்டு நசுக்கலாமா? 2026-இல் வந்திருக்கும் புது விதியும் என் பக்கம்தான் பேசுகிறது. இரண்டு கோலிலிருந்தும் ஐம்பது மீட்டரில் வரைந்திருக்கும் வளைவுகளுக்கு இடையே கடைசியாக உதைத்தவனோ கையால் தட்டிக் கொடுத்தவனோ பந்தை எல்லைக்கு வெளியே விட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். இங்கே எங்கள் மாநில லீகான எஸ்.ஏ.என்.எஃப்.எல்-லில் இதுபோன்ற விதி 2016 முதல் இருக்கிறது. நல்ல உதை இல்லாத பின்களம் இனி பிழைக்காது. அவர் குடும்பத்து கவின் வாங்கனீன் 1993-இல் பின்களத்தில் நின்றுதானே லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார்?

இன்னொன்று. நடுவர் பந்தைத் தரையில் அறைந்து ஆட்டத்தைத் தொடங்கும் சென்டர் பவுன்ஸை ஒழித்துவிட்டார்களே, உங்களுக்கு வருத்தம் இல்லையா? எல்லா அணிகளும் இங்கே கூடி ஆடும் கேதர் ரவுண்டுக்கு அடிலெய்ட் வருவீர்களா?

ச., அடிலெய்ட்

*

அன்புள்ள ச.,

‘வீண்’ என்ற சொல் தப்புதான். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவர் இடம் நடுக்களம் என்ற பேச்சிலிருந்து நான் நகரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஆட்டம் பழகாத வாசகர்களுக்கு இரண்டே வரி. முட்டை வடிவ மைதானம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, உயரக் கம்பத்துக்கும் ஓரத்துக் கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு புள்ளி. ஹாஃப் பேக் என்பது தன் கோலுக்கும் மைதானத்தின் நடுவுக்கும் இடைப்பட்ட இடம். எதிரணியின் தாக்குதல் முறிவதும் நம் தாக்குதல் கிளம்புவதும் அங்கேதான்.

சரி, 2025 ஜூலை 27-க்கு வாருங்கள். மார்வெல் ஸ்டேடியத்தில் மெல்போர்ன் அணியோடு ஆட்டம். மூன்றாம் கால்பகுதி முடியும்போது செயின்ட் கில்டா 46 புள்ளி பின்னால். அந்த நிலையிலிருந்து இந்த லீகின் வரலாற்றிலேயே யாரும் மீண்டு வந்ததில்லை. நான் வீட்டில் தொலைக்காட்சியை அணைக்கப் போனவன், எழுந்த இடத்திலேயே நின்று கடைசிக் கால்பகுதி முழுக்கப் பார்த்தேன். எட்டு நொடி இருக்கும்போது நசாயா உதைத்த கோலில் புள்ளி சமமானது. பந்து மறுபடி நடுவுக்குப் போகிறது. எல்லாரும் டிராதான் என்று நினைத்துவிட்டோம். அப்போது நடுவர் விசில் அடித்துக் கையை நீட்டுகிறார்: மெல்போர்ன் 6-6-6 விதியை மீறிவிட்டது.

2019-இல் வந்த விதி அது. நடுவில் பந்து போடும் ஒவ்வொரு தடவையும் ஓர் அணியில் ஆறு பேர் முன்னால், ஆறு பேர் நடுவில், ஆறு பேர் பின்னால் நிற்க வேண்டும். பின்னால் ஆளைக் குவித்துத் தடுப்புச் சுவர் கட்ட முடியாது. செயின்ட் கில்டாவின் ரோவன் மார்ஷலுக்கு ஃப்ரீ கிக். அவர் முன்னே உதைக்க, ஐம்பது மீட்டர் வளைவுக்குள் அதைப் பிடித்தவர் நசாயா. சைரன் ஒலித்த பிறகு, மைதானமே மூச்சைப் பிடித்து நிற்க, உதைத்தார். கோல். ஆறு புள்ளியில் வெற்றி.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் இருவர் வழக்கும் அந்த எட்டு நொடிக்குள் இருக்கிறது. ஹாஃப் பேக்கில் நின்றிருந்தால் அவர் அந்தப் பந்தைத் தொட்டிருக்கவே மாட்டார். அங்கிருந்து கைதட்டியிருப்பார்.

அவர் உதையைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த உதை எங்கே போய் விழுகிறது? ஹாஃப் பேக்கிலிருந்து கிளம்பும் ஐம்பது மீட்டர் உதை மைதானத்தின் நடுப்பகுதியில், ஓரமாக விங்கில் இருப்பவன் கையில் விழும். அதற்கு அப்புறம் அந்தப் பந்து கோல் வரை போக இன்னும் இரண்டு பேர் கால் படவேண்டும். அந்த இரண்டு பேரும் நசாயா அல்ல. அதே உதை நடுச் சதுரத்திலிருந்து கிளம்பினால் நேராக முன்கள வீரனின் மார்பில் விழும். நல்ல சமையல்காரரை வைத்துக்கொண்டு அவரைக் காய் நறுக்க மட்டும் விடுவதா? காயும் முக்கியம்தான். ஆனால் அடுப்படியில் வேறொருவர் நிற்கிறாரே.

புது எல்லை விதி பற்றிச் சொன்னீர்களே, அதுதான் உங்கள் கடிதத்திலேயே வலுவான இடம். அதற்காக இரண்டு நாள் யோசித்தேன். முன்பெல்லாம் நெருக்கடி வந்தால் பின்களத்தவர் கோட்டை ஒட்டி நீளமாக ஓர் உதை விடுவார். பந்து வெளியே போனால் எல்லை நடுவர் திரும்ப உள்ளே எறிவார், ஆட்டம் பழையபடி தொடங்கும். பிழைத்தோம் என்று மூச்சு விடலாம். இனி அந்த வசதி இல்லை. உதைத்து வெளியே போனால் பந்து எதிரி கையில். ஆகவே உள்பக்கமாக, ஆபத்தான பாதையில் உதைக்கத் தெரிந்தவர் பின்னால் வேண்டும். கிளெனெல்க்கில் இந்த விதியோடு ஆடி வந்தவருக்கு அது கைவந்த கலை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எதிரணிப் பயிற்சியாளர் சும்மா இருப்பாரா? செயின்ட் கில்டாவின் பந்து நசாயா வழியாகத்தான் வெளியே வரும் என்று தெரிந்தால், முன்களத்தில் ஓர் ஆளை அவர் மேலேயே ஒட்டவைப்பார். கோல் போடுவது அந்த ஆளின் வேலை இல்லை, நசாயாவுக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொள்வதுதான். பின்களத்தவருக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்: பந்து அவரிடம் வரவேண்டும். அவராகப் போய் எடுக்க முடியாது. நடுவில் டேக்கர் (இப்படி ஒட்டிக்கொண்டே திரியும் ஆள்) ஒட்ட மாட்டாரா என்று கேட்பீர்கள். ஒட்டுவார். ஆனால் நடுவில் பந்து போடும்போது, அங்கே நிற்கும் ஆறு பேரில் சதுரத்துக்குள் அணிக்கு நான்கே பேர். கூடுதல் ஆளைக் கொண்டுவந்து நெரிக்க முடியாது. 6-6-6 விதியை மீறினால் முன்பெல்லாம் ஒரு தடவை எச்சரிக்கை உண்டு. 2026 முதல் அதுவும் கிடையாது, முதல் தப்புக்கே ஃப்ரீ கிக். அதாவது, நடுவில் பந்து கிளம்பும் அந்தச் சில நொடிகளில் முன்னே திறந்த வெளி இருக்கும் என்று விதியே எழுதிக் கொடுத்திருக்கிறது. திறந்த வெளியில் நசாயாவைவிட ஆபத்தான ஆள் அந்த அணியில் யார்?

ரக், அதாவது நடுவில் போடும் பந்தைத் தட்ட எம்பும் ஆள், பற்றிய விதியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பந்து போடும் முன் ரக் வீரர்கள் நடுவட்டக் கோட்டைத் தாண்டிப் போய் முட்டி மோதக்கூடாது. மல்லுக்கட்டு குறையும், எம்பிக் குதிப்பவருக்கு மதிப்பு கூடும். கார்ல்டனிலிருந்து வந்திருக்கும் டாம் டி கோனிங் குதிக்கத் தெரிந்தவர். அவர் சுத்தமாகத் தட்டும் பந்து யார் கையில் விழவேண்டும் என்று என்னைக் கேட்டால் எனக்கு ஒரே பெயர்தான் தெரியும்.

உடம்பு தாங்குமா என்ற பயம் எனக்கும் உண்டு. சப்ஸ்டிட்யூட்டை எடுத்துவிட்டு வெளியே ஐந்து பேரை உட்கார வைத்திருக்கிறார்களே, மூச்சு வாங்கலாம் என்பார்கள். மாற்று ஆட்டக்காரர் ஏறி இறங்குவதற்கு ஓர் ஆட்டத்துக்கு 75 தடவை என்ற வரம்பு அப்படியேதான் இருக்கிறது, அதனால் பெரிதாக எதுவும் மாறிவிடாது. ஆகவே முழு நேரமும் நெரிசலில் கிட என்று நான் சொல்லவில்லை. நடுவில் பந்து போடும்போது அவர் சதுரத்துக்குள் நிற்கட்டும். ஆட்டம் ஓடத் தொடங்கியதும் கொஞ்ச நேரம் பின்னால் போய் மூச்சு விடட்டும். காலிங்வுட்டின் நிக் டெய்கோஸும் 2022-இல் பின்களத்தில் ஆடித்தான் சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருது வாங்கினார். அப்போதும் இதே பேச்சு: பையன் பின்னாலேயே இருக்கட்டும், நடுவில் போட்டால் அடித்துத் துவைத்துவிடுவார்கள் என்று. நடுவுக்கு வந்தார். 2024 பிரவுன்லோவில் 38 வாக்கு வாங்கினார். அந்த வருஷம் பேட்ரிக் கிரிப்ஸ் 45 வாங்கிச் சாதனை படைத்ததால்தான் இரண்டாம் இடம். நசாயாவும் டெய்கோஸும் ஒரே வருஷம், 2021-இல், அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் வந்தவர்கள்.

கவின் வாங்கனீனைச் சொன்னீர்கள். அந்தப் பதக்கத்தை வாங்கிய முதல் பழங்குடி வீரர் அவர். அந்தப் பெயரைச் சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. அதே கவின், உங்கள் ஊர் போர்ட் அடிலெய்டுக்கு ஆடி, 2004 இறுதி ஆட்டத்தில் நான்கு கோல் போட்டார். பின்னாலேயே நிற்க வைத்திருந்தால் அந்த நான்கு எங்கிருந்து வந்திருக்கும்?

பவுன்ஸ். இங்கே நீங்களும் நானும் ஒரே கட்சி, மனசளவில். நடுவர் நடு வட்டத்துக்கு வந்து, பந்தை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி, தலைக்கு மேலிருந்து தரையில் ஓங்கி அறைவார். நீள்வட்டப் பந்து நேராக வானத்துக்கு எழும்பும். அவர் முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து விலகுவார். அரங்கமே அந்த நொடியில் ‘ஓ’ என்று இரையும். உலகத்தில் வேறெந்த ஆட்டமும் இப்படித் தொடங்குவதில்லை. அது போனது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

ஆனாலும் எடுத்தது சரிதான் என்பேன். ஈர மண்ணில் பந்து கோணலாக எகிறி, திரும்பக் கூப்பிட்டு, மறுபடி மேலே எறிந்ததை நாம் எத்தனை வாரம் பார்த்தோம்! அதைவிடப் பெரிய விஷயம், விதி நுணுக்கம் எல்லாம் தெரிந்த நல்ல நடுவர்கள் பவுன்ஸ் மட்டும் சரியாக வராததால் மேலே வரமுடியாமல் நின்றது. அது அநியாயம். பந்தை நேராகத் தூக்கிப் போட்டால் இரண்டு ரக்கும் சமமாகப் போட்டியிடுவார்கள். கீழே நிற்பவர்கள் பந்து எங்கே வரும் என்று கணக்குப் போட்டு ஓடலாம். (கணக்குப் போட்டு ஓடுவதில் யார் கெட்டிக்காரர் என்று மறுபடி சொல்ல வேண்டுமா?)

செயின்ட் கில்டா இதுவரை வாங்கிய ஒரே கோப்பை 1966-இல், காலிங்வுட்டை ஒரே புள்ளியில் ஜெயித்து. அறுபது வருஷமாகக் காத்திருக்கிறார்கள். 2010-இல் இறுதி ஆட்டம் டிராவாகி, மறு ஆட்டத்தில் தோற்ற அணி. என் தெருவில் அன்று பத்து வயசில் அழுத பையன் ஒருவன் இப்போது வேலைக்குப் போகிறான். இன்னும் அதே சிவப்பு, வெள்ளை, கறுப்பு மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் ஆட்டத்துக்குக் கிளம்புகிறான். இப்படிப்பட்ட ஒரு அணிக்கு இப்படிப்பட்ட ஒரு வீரர் கிடைத்து, ஊர் திரும்பிப் போகாமல் 2027 வரை இங்கேயே இருக்கிறேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். அவரைக் கோலிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

கேதர் ரவுண்டுக்குக் கட்டாயம் வருகிறேன். டிக்கெட் எடுப்பது நீங்களானால் விங்கில் வேண்டாம், கோல் கம்பத்துக்குப் பின்னால் எடுங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் நடுவர் பந்தைத் தூக்கிப் போடும்போது நசாயா எந்தப் பக்கம் காலை வைத்து நிற்கிறார் என்பது தெரியும். மற்றதை அங்கேயே உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளலாம்.