வீடு, வேலை, பிள்ளைகள் என்று ஓடும்போது மனதையும் ஆன்மாவையும் எப்படிக் கவனித்துக்கொள்வது?

கேட்டவர் தனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றும், தியானம் செய்ய உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் சேலத்தில் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர்கள். என் வீட்டுக்காரர் கண்ணிகளைக் கோத்துக் கொடுப்பார், நான் பொடி தூவி, தீ காட்டி ஒட்டவைப்பேன். தீயை ஒரு நொடி அதிகமாகக் காட்டினால் கண்ணி உருகிவிடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வேலை அப்படியே நின்றது. அப்புறம் மெல்ல வந்தது. ஆனால் எனக்குத் தூக்கம் திரும்பி வரவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். இதயக் கோளாறு என்று பயந்து போய் இசிஜி எடுத்தேன், அதில் ஒன்றுமில்லை. பார்த்த டாக்டரம்மா தாளை மடித்து வைத்துவிட்டு, "மனசுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

ஒரு மாற்றத்துக்குப் போய் வரலாம் என்று ஏற்காடு போனோம். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான், இருபது கொண்டை ஊசி வளைவு. அந்த இருபதிலும் என் மனம் வாடகையையும் நகைக்கடனையும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. சேர்வராயன் கோயில் ஒரு குகைக்குள் இருக்கிறது, குனிந்துதான் போக வேண்டும். இருட்டில் குனிந்து போய் சேர்வராயனையும் காவேரியம்மனையும் பார்த்தபோதும் என் வாயில் வந்தது "வேலை வரணும், கடன் தீரணும்" என்பதுதான். இறங்கி வீட்டுக்கு வந்ததும் அதே மூன்று மணி, அதே படபடப்பு.

என் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) வெள்ளிக்கிழமைதோறும் கோட்டை மாரியம்மனைப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் என்னையும் கூட்டிப் போனார். திரும்பி வரும்போது, "நீ என்ன கண்ணு கேட்ட?" என்றார். நான் நீளமாக ஒரு பட்டியல் சொன்னேன். "அவளுக்குத் தெரியாததையா நீ சொல்லப் போற? அடுத்த வாரம் ஒண்ணும் கேக்காம, சும்மா பாத்துட்டு வா" என்றார்.

கேட்க எளிதாக இருந்தது, செய்வது அவ்வளவு கடினம். சன்னதியில் நின்றதும் வாய் தானாக முணுமுணுக்கும். மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் அம்மனின் முகத்தை முழுசாகப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து போகிற கோயில், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

எனக்குப் புரிந்தது இதுதான். காலையிலிருந்து இரவு வரை யாராவது என்னிடம் எதையாவது கேட்கிறார்கள். மிச்ச நேரத்தில் நான் கடவுளிடம் கேட்கிறேன். யாரும் எதுவும் கேட்காத, நானும் எதுவும் கேட்காத பொழுது ஒன்றுகூட என் நாளில் இல்லை. அப்படி ஒன்றை உண்டாக்க வேண்டியிருந்தது. நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்று விட்டால் அது கிடைக்கவே கிடைக்காது. அதனால் விளக்கு வைத்த பிறகு கால்மணி நேரம் மொட்டைமாடி என்று வைத்துக்கொண்டேன். போன் கீழேயே இருக்கும். வடக்கே சேர்வராயன் மலை தெரியும், மழை ஓய்ந்த நாளில் மடிப்பு மடிப்பாகத் தெரியும். அந்த மலைமேல் ஏற்காடு போனபோது கிடைக்காதது இங்கே இருந்து பார்க்கும்போது கிடைத்தது.

மாடியில் நான் செய்கிற ஒரே காரியம், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது. மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், உடம்பின் அமைப்பே அப்படி. மூன்று மணிக்கு விழிப்பு வந்தாலும் இதைத்தான் செய்கிறேன்.

உங்களுக்கு மாடியோ கால்மணி நேரமோ இல்லாமல் இருக்கலாம். பிள்ளைகள் தூங்கியதும் வாசற்படியில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இது முக்கியம். நான் சொல்லாமல் போன நாட்களில் மூன்று முறை கூப்பிட்டார்கள். சொன்ன பிறகு அத்தையே பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கோயிலும் மாடியும் மட்டும் என்னைத் தேற்றவில்லை. அந்த டாக்டரம்மா சொன்னபடி மனநல மருத்துவரைப் பார்த்தேன், எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அவரே சொல்லித்தான் அதை நிறுத்தினேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுப்போயிருந்தால் பக்தியால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமனஸ் எண் அது, காசில்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுவது சாமி மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. இதைச் சொந்தக்காரர்களிடம் விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஆடியில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது இப்போது நானும் ஒரு கரண்டி பிடிக்கிறேன். வருகிறவர்கள் பாத்திரத்தை நீட்டுவார்கள், நான் ஊற்றுவேன், அவ்வளவுதான். அந்த இரண்டு மணி நேரத்தில் என்னைப் பற்றி ஒரு நினைப்பும் வராது.

என் வீட்டுக்காரர் மாடிக்கு வந்ததில்லை. போன மாதம் ஒருநாள் தானாக ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளி விலை ஏறியதில் ஆர்டர் குறைந்ததைப் பற்றிப் பேசப் போகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் பேசவில்லை. இருட்டியதும் இரண்டு பேரும் இறங்கி வந்தோம்.