ஹீற்றர் லைற் எரியுது, தண்ணீர் மட்டும் சுடவில்லை. என்ன பிழை?

15 லீற்றர் தொட்டி, 2000 வோற் ஹீற்றர், அரை மணித்தியாலம் விட்டும் வெதுவெதுப்புத்தான் என்கிறீர்கள். ஒழுங்காக வேலை செய்தால் 28 பாகையிலிருந்து 55 பாகைக்கு ஏற 14, 15 நிமிடம் போதும்.

முதலில் மிக்சர் குழாயைப் பாருங்கள். அதன் வாசர் தேய்ந்தால் பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீரோடு கலந்துவிடும், ஹீற்றரில் பிழையே இராது. பிறகு வோல்ற்றேச். 230 இருக்கவேண்டிய இடத்தில் 200 வந்தால் உங்கள் 2000 வோற் 1500 ஆகிவிடும்.

இவை சரியென்றால் யாழ்ப்பாணத்தில் சந்தேகம் கிணற்றுத் தண்ணீர்மேல்தான். சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிவரும் தண்ணீர் சூடேறும்போது கல்சியம், தண்ணீரைச் சுடவைக்கும் கொயிலில் ஓடுபோலப் படியும். சூட்டைப் பார்த்துக் கரண்டை வெட்டும் தெர்மோஸ்ரற் இருக்கும் குழாயையும் அது மூடினால், கொயிலின் சூடு நேரே அதற்கு ஏறி, தொட்டித் தண்ணீர் சுடமுன்னமே தெர்மோஸ்ரற் வெட்டிவிடும். லைற் அடிக்கடி அணைந்து எரிகிறதென்றால் இதுதான்.

பிரேக்கரை நிற்பாட்டி, கரண்ட் இல்லையென்று ரெஸ்ரரால் பார்த்து, தண்ணீர் ஆறியபின் வால்வைப் பூட்டித் தொட்டியை வடியுங்கள். கொயிலைக் கழற்றி வினாகிரியில் சில மணித்தியாலம் ஊறவிட்டுப் பழைய பிரஷால் தேயுங்கள். கத்தியால் சுரண்டவேண்டாம், கொயிலின் உலோக உறை ஓட்டையாகும். கொயில் முனைகளில் மல்ரிமீற்றர் ஏறக்குறைய 26 ஓம் காட்டவேண்டும்; ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. முனைக்கும் உறைக்கும் இடையில் தொடர்பு இருந்தால் மாற்றியே ஆகவேண்டும், அது ஆளை அடிக்கும். கூடவிருக்கும், தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியக் கம்பி மெலிந்திருந்தால் அதையும், றப்பர் வாசரையும் புதிதாகப் போடுங்கள்.

தொட்டி நிரம்பி, சுடுதண்ணீர்க் குழாயால் தண்ணீர் வரும்வரை சுவிச்சைப் போடவேண்டாம். வெறும் தொட்டியில் கொயில் உடனே எரிந்துபோகும்.