படுத்த படுக்கையாகவோ பிறர் உதவியோடு நடப்பவராகவோ இருப்பவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கட்டடத்தையும் வரவேற்பறையையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, புரட்டிப் படுக்க வைப்பது, சாப்பாடு ஊட்டுவது ஆகியவை யாருடைய வசதிக்கு ஏற்ப நடக்கின்றன என்று பாருங்கள். பராமரிப்பின் தரமும் நியாயமும் அங்கேதான் தெரியும்.

கழிப்பறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் தவறு நடப்பது அங்கேதான். ஒருவர் கைப்பிடித்து நடக்கக்கூடியவராக இருந்தும், கூட்டிப்போக ஆள் இல்லை என்று டயப்பரை மாட்டி "அதிலேயே போங்கள்" என்றால் அது அவமதிப்பு. உடம்புக்கும் கேடு. நடப்பது நின்றதும் சில வாரங்களில் கால் தசை மெலியும், சிறுநீரை அடக்கும் பழக்கம் போகும், ஈரத்தில் தோல் ஊறிப் புண்ணாகும். செய்ய வேண்டியது கடினமானதல்ல. மூன்று நாள் அவர் எந்தெந்த நேரத்தில் போகிறார் என்று எழுதி வைத்து, அதற்குக் கொஞ்சம் முன்னதாகக் கூட்டிப்போனால் போதும், பலருக்கு டயப்பர் நனைவது குறையும். கதீட்டரும் (சிறுநீரை வெளியேற்றப் பொருத்தும் குழாய்) அப்படித்தான். மருத்துவக் காரணம் இருக்க வேண்டும், வேலை மிச்சம் என்பது காரணமே அல்ல.

அடுத்தது படுக்கைப்புண். இடுப்பின் பின்பக்கம், குதிகால், இடுப்பெலும்பின் பக்கவாட்டு ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கடினம், வலி, நிற மாற்றம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். தானாகப் புரள முடியாதவரை வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, முழுப் பக்கவாட்டாக அல்லாமல் சுமார் 30 டிகிரி சாய்வில் திருப்புவார்கள். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். இழுத்து நகர்த்தினால் தோல் உரியும். வளைய வடிவ மெத்தை, சிவந்த இடத்தில் மசாஜ் இரண்டும் கெடுதலே செய்யும். திருப்பிய நேரங்களைப் பதிவேட்டில் 2, 4, 6 என்று ஒரே மையில், ஒரே கையெழுத்தில், நிமிடம் பிசகாமல் எழுதியிருந்தால் ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக நிரப்பியிருக்க வாய்ப்பு அதிகம். சேர்த்த பிறகு, பார்க்கப் போகும்போது சில மணி நேரம் கூடவே இருந்து, படுத்திருக்கும் நிலை மாறுகிறதா என்று பாருங்கள்.

ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். வாயைத் தினமும் சுத்தம் செய்வதும் இதற்காகத்தான். எடையை மாதாமாதம் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதம், அதாவது 60 கிலோ இருப்பவருக்கு 3 கிலோ குறைந்தால், உடனே காரணம் தேட வேண்டும்.

"விழாமல் இருக்கத்தான் கட்டிலில் தடுப்புக் கம்பி போட்டிருக்கிறோம்" என்பார்கள். குழப்பத்தில் இருப்பவர் அதன் மேல் ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழக்கூடும். கம்பிக்கு இடையில் கழுத்து சிக்கி இறந்தவர்களும் உண்டு. தாழ்வான கட்டிலும் பக்கத்தில் தரை விரிப்பும் பெரும்பாலும் நல்ல மாற்று. மருந்து கொடுத்து அடக்குவதும் கட்டிப்போடுவதன் இன்னொரு வடிவம்தான். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு சில மனநோய் மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்திருக்கிறது. அமைதியில்லாமல் இருந்தால் முதலில் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம், தொற்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மருந்து தவிர்க்க முடியாததென்றால் எதற்காக, யார் சம்மதித்தார்கள், எப்போது நிறுத்திப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்.

சம்மதம் பற்றி ஒன்று. பணக்கணக்கைப் பார்க்க முடியாதவருக்கு, இன்று குளிக்க வேண்டாம் என்று சொல்லத் தெரியும். முடிவெடுக்கும் திறனை ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். குளிக்க மறுத்தால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு குளிப்பாட்டக் கூடாது. அரை மணி நேரம் கழித்து, அவருக்குப் பிடித்த இன்னொருவர் கேட்டுப் பார்க்கலாம், அல்லது உடம்பைத் துடைத்துவிடலாம். வீட்டார் கையெழுத்து போட்டுவிட்டார்கள் என்பதற்காக அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

இரவு ஷிஃப்டில் எத்தனை பேரை எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நல்ல பணியாளரும் ஆள் பற்றாக்குறையில் அவசரப்படுவார். கடைசியாக, இல்லத்தில் எத்தனை பேர் விழுந்தார்கள், ஒவ்வொரு முறைக்குப் பிறகும் எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். "இங்கே யாரும் விழுந்ததே இல்லை" என்று பதில் வந்தால் நான் அங்கே சேர்க்கத் தயங்குவேன்: ஒன்று பதிவு செய்வதில்லை, இல்லையென்றால் யாரையும் எழுந்திருக்கவே விடுவதில்லை.