கணக்கு நோட்டைத் திறந்தாலே அழும், தொடக்கப்பள்ளி மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள்: பதில்

வணக்கம் சகோதரி. நானும் இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட்தான். மகள் கணக்கு என்றாலே அழுகிறாள், தோட்டத்திலிருந்து டியூஷனுக்கு அனுப்பவும் தோது இல்லை, வீட்டிலேயே என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்த நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். 21 புளியங்கொட்டை எடுங்கள். மாறி மாறி ஆளுக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம், கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. சூட்சுமம் என்னவென்றால், நீங்கள் எடுத்த பிறகு தரையில் 20, 16, 12, 8, 4 என்று மிச்சம் இருக்க வேண்டும். அதனால் முதலில் ஆடுபவர் ஒன்றே ஒன்றை எடுத்துவிட்டு, அப்புறம் எதிராளி ஒன்று எடுத்தால் மூன்று, இரண்டு எடுத்தால் இரண்டு என்று நான்காக நிரப்பிக்கொண்டே போனால் தோற்கவே மாட்டார். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்! தோற்றுத் தோற்று அவளே கண்டுபிடிக்கட்டும், நாலாம் வாய்ப்பாடு தானாக வாயில் வரும்.

சில்லறையும் நல்ல சாமான். 5, 10, 20, 50 காசுகளை மேசையில் கொட்டி, 50 காசை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று கேளுங்கள். ஒற்றை 50 காசையும் சேர்த்து 13 வழி. இருபது காசு இரண்டு வந்தால், ஒன்று வந்தால், வராமலே போனால் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னால் எதுவும் விடுபடாது.

அதுவும் சலித்தால் மூன்றுக்கு மூன்று கட்டம், 1 முதல் 9 வரை ஒருமுறை மட்டும், நெடுக்கே, குறுக்கே, மூலைக்கு மூலை என்று எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வர வேண்டும். ரொம்பத் திணறினால் நடுவில் 5 என்று மட்டும் காட்டிக்கொடுங்கள்.