சிறைக் காசநோய்: ஒரே கிருமியா, பல வகையா?

சிறையில் பரவும் காசநோய்க்குக் காரணம் ஒரே கிருமியா, மருந்துக்கு ஏன் அடங்குவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 1990-களின் ரஷ்யச் சிறைகளையே பாருங்கள். நெரிசல், மருந்துத் தட்டுப்பாடு, பாதியில் நின்ற சிகிச்சை. அரைகுறை மருந்தில் பிழைப்பது, மரபணு தற்செயலாக மாறிப்போன கிருமிதான். கிருமியின் காட்-ஜி (katG) மரபணுவின் 315-வது இடத்தில் சின்ன மாற்றம் வந்தாலே ஐசோநயாசிட் என்ற காசநோய் மருந்து சரியாக வேலை செய்யாது. ஆர்பிஓ-பி (rpoB) மரபணுவும் மாறினால் இன்னொரு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினும் போச்சு. அப்புறம் அது இருமலோடு பக்கத்துக் கட்டில்காரருக்குப் போகும். அவர் ஒரு மாத்திரைகூட விழுங்கியிருக்க மாட்டார்!

அங்கே ‘பெய்ஜிங்’ குடும்பம் எனப்படும் காசநோய்க் கிருமி வகை அதிகம். ஆனால் குடும்பம் ஒன்று என்பதால் மட்டும் சிறைக்குள்ளேதான் தொற்றியது என்று சொல்லிவிட முடியாது. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளின் மரபணுக் கைரேகை, அதாவது மரபணு அடையாளம், கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்த வேண்டும். ஆளுக்கொரு கைரேகை என்றால், பலரும் வெளியிலிருந்தே கொண்டுவந்த தொற்றாக இருக்கலாம்.