வரி ஏறியது, சாக்கடை பாதியில் நிற்கிறது: யாரிடம் கணக்குக் கேட்பது?

தருமபுரி மாவட்டத்து நகராட்சி ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயர் வேண்டாமாம். அவருடைய 1,150 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு சொத்து வரி 840 ரூபாயாக இருந்தது, 2022-ல் 1,260 ஆனது. பக்கத்து வீட்டுக்கு அதைவிட அதிகமாக ஏறியிருக்கிறது. தெருச் சாக்கடையோ பாதியில் நிற்கிறது. "வரியைக் கட்டாமல் நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்களா?" என்று கேட்கிறார்.

நிறுத்தாதீர்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி சேரும். அதைவிட முக்கியம், பாக்கி வைத்தவர் கணக்குக் கேட்டால் "முதலில் பாக்கியைக் கட்டுங்கள்" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தந்த மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதை வாங்கிக்கொண்டு, ரசீதும் கையுமாகக் கேள்வி கேளுங்கள்.

தொகையில் தவறில்லை. 2022 சீராய்வில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் ஓர் அறை எடுத்து 1,200-ஐத் தாண்டியிருப்பார், அவ்வளவுதான். உங்கள் பரப்பளவே தவறாகப் பதிவாகியிருந்தால் மட்டும் ஆணையரிடம் மறு அளவீடு கேட்டு மனுக் கொடுங்கள். 2018-லும் இப்படி உயர்த்திவிட்டு அடுத்த ஆண்டே நிறுத்தி வைத்தார்கள். 2022-ல் அது முடியவில்லை. சொத்து வரியைச் சீராக உயர்த்தாத உள்ளாட்சிக்கு மானியம் இல்லை என்று, மத்திய நிதியைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டிருந்தது.

சரி, பணம் எங்கே போகிறது? நம் நகராட்சிகள் வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று தனித்தனியாகக் கணக்கு வைக்கின்றன. வரியோடு நூலக வரியும் ரூபாய்க்கு 10 பைசா வசூலாகி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. ஒகேனக்கல் தண்ணீருக்கு நீங்கள் கட்டுவது குடிநீர்க் கட்டணம், அது வேறு ரசீது. "வரிப்பணம் என்ன ஆச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.

அதனால் ஒரே ஒரு வேலையைப் பிடியுங்கள். உங்கள் தெருச் சாக்கடை போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். "ஏன் முடிக்கவில்லை?" என்று எழுதாதீர்கள். 'ஏன்' என்ற கேள்வி தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். எஸ்டிமேட், பணி ஆணை, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த பில், எம்-புத்தகப் பக்கங்கள், இவற்றின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள்.

இதில் எம்-புத்தகம்தான் உயிர்நாடி. பொறியாளர் இடத்தை அளந்து நீளம், அகலம், ஆழம் எழுதிக் கையெழுத்துப் போடும் அளவுப் புத்தகம் அது. அதை வைத்துத்தான் பில் பாஸாகிறது. நகல் கைக்கு வந்ததும் 30 மீட்டர் டேப்போடு தெருவில் இறங்குங்கள். புத்தகத்தில் 85 மீட்டர், தரையில் 60 மீட்டர் என்றால் அந்த 25 மீட்டரைப் பற்றி மட்டும் கேளுங்கள். அளவு சரியாகவே இருந்து, மீதி வேலைக்கு நிதி ஒதுக்கவில்லை என்று தெரியவந்தால் கோபம் போக வேண்டிய இடம் வேறு. அப்போது உங்கள் வார்டின் பகுதி சபையில், அதாவது அந்தப் பகுதி மக்கள் கூடும் கூட்டத்தில், மீதி நீளத்தை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். 2022 முதல் அதற்கு விதி இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் பலர் அந்தக் கூட்டத்துக்கு எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

அளக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். அவருக்குத்தான் வரி அதிகம்.